செய்வினை அல்ல, தன்வினை

கட்டிலும் பீரோவும் விற்ற காலத்தில் அந்தக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கடையை மூடிய பிறகுதான் அதற்கு யோகம் அடித்தது. இப்போது உள்ளே நுழைய முடியாமல் ஜனம் தெருமுனை வரைக்கும் நிற்கிறது. ஊன்றுகோலைப் பிடித்தவர்கள், இடுப்பைப் பிடித்தவர்கள், இவர்களை வேடிக்கை பார்க்க வந்து, நமக்கும் ஏதாவது நோய் இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்று பயந்து வரிசையில் சேர்ந்துகொண்டவர்கள். எல்லோரும் புனலய்யாவுக்காகக் காத்திருந்தார்கள்.

புனலய்யாவின் வைத்திய முறை மிகவும் எளிமையானது. நோயாளியைப் பலகையில் படுக்க வைப்பார். ஒரு பித்தளைப் புனலின் அகன்ற வாயை அவர் வயிற்றில் கவிழ்ப்பார். குறுகிய முனையைத் தம் வாயில் வைத்து, கண்ணை மூடி, விசில் சத்தம் வர உறிஞ்சுவார். பிறகு பீங்கான் தட்டில் துப்புவார். டங்கென்று ஒரு கல் விழும். சில நாள் முடி சுற்றிய கல். யோகம் உள்ளவர்களுக்கு வளைந்த ஆணி.

வெட்டு இல்லை, தையல் இல்லை, தோலில் ஒரு கீறல் இல்லை. கல் எந்த வழியாக வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் கல் கோபித்துக்கொண்டு திரும்ப உள்ளே போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஐயா காசைக் கையால் தொடமாட்டார். அப்பேர்ப்பட்ட துறவி. வெளியே வந்த தீவினை போய் உட்கார ஒரு துளித் தங்கம் இருந்தால் போதும் என்பார். இரும்பில் அது உட்காராதாம். அலுமினியம் பக்கமே வராதாம். தீவினைக்கும் தரம் பார்க்கத் தெரிந்திருந்தது.

இன்னொரு சிறப்பு, ஐயா அதிகம் பேசமாட்டார். பேசினாலும் வாயைத் திறக்காமல் மொழுமொழுவென்று ஏதோ முணுமுணுப்பார். அதுதான் ஞானத்துக்கு அடையாளம் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

இந்த வரிசைக்கு ஒருநாள் நம் பிளம்பரும் வந்து சேர்ந்தார்.

ஐம்பதைத் தாண்டியவர். அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக் கழுவுதொட்டியில் தண்ணீர் தேங்கினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அடைப்பு என்றால் கம்பி விடு. இதுதான் அவருடைய தொழில், தத்துவம், வாழ்க்கை நெறி எல்லாமே. அப்படிப்பட்டவருக்குக் கொஞ்ச காலமாகச் சொந்தக் குழாயிலேயே தகராறு. சிறுநீர் கழிக்கப் போனால் நிற்கிறார், நிற்கிறார், நின்றுகொண்டே இருக்கிறார். வெளியே மனைவி கதவைத் தட்டி, தூங்கிவிட்டாரா என்று கேட்கிறார்.

டாக்டரிடம் போயிருக்கலாம். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் என்னவென்று சொல்வது? ஆண் உட்கார்ந்திருந்தால் மட்டும் என்னவென்று சொல்வது? யோசித்து யோசித்துக் கடைசியில் தாம் அறிந்த வைத்தியத்துக்கே வந்தார். பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய ஒயர் ஒன்றை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவைத் தாழிட்டார்.

அதற்குமேல் விவரிக்க மாட்டேன். ஆண் வாசகர்கள் ஏற்கெனவே கால்மேல் கால் போட்டுக்கொண்டிருப்பார்கள். பாதி தூரம் அவர் நினைத்தபடி நடந்தது, பிறகு கை வழுக்கியது, ஒயர் அவரைக் கேட்காமலே முழுவதுமாக உள்ளே போய்விட்டது. எத்தனையோ வீட்டுக் குழாய்களில் கம்பி விட்டவர், முதல் தடவையாக ஒரு கம்பியைத் தொலைத்தார்.

வலித்தது. எரிந்தது. மறுநாள் சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தது. மனைவியிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை ஆரம்பித்தார். விஷயம் தொண்டை வரைக்கும் வரும்; பிறகு அந்த ஒயரைப் போலவே திரும்ப உள்ளே போய்விடும்.

மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவர். ஒரு கூடம் நிறையப் பிள்ளைகளை ஒரே அதட்டலில் தூங்க வைப்பார். வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதையும், முகம் வெளுத்துக் கிடப்பதையும் பார்த்தவர், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று தாமாகவே முடிவு கட்டினார். பிளம்பர் மறுக்கவில்லை. மறுத்தால் வேறு காரணம் சொல்ல வேண்டுமே.

ஆக, பலகையில் படுத்தார். புனல் வயிற்றில் கவிழ்ந்தது. வினோதம் என்னவென்றால், அந்தக் கூடத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் உள்ளே இருப்பது இன்னதென்று தெரியும். ஆனாலும் ஐயா விசிலடித்து உறிஞ்சியபோது அவருக்கே ஒரு நப்பாசை. வந்துவிடுமோ? வந்தால் எல்லோர் முன்னாலும் ஒயர் தொங்குமே? வரட்டும் என்றும் வேண்டினார், வந்துவிடக் கூடாது என்றும் வேண்டினார்.

டங்.

எட்டிப் பார்த்தார். கறுப்புக் கூழாங்கல், முடி சுற்றியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. மனைவிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிளம்பர் மட்டும், ஒயர் எப்படிக் கல்லாகியிருக்கும் என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பக்கத்தில் இத்தனை பேர் நம்பும்போது தனியாக ஒரு மனிதன் தன் புத்தியை வைத்துக்கொண்டு என்னதான் செய்வான்?

யார் வைத்தது என்று மனைவி கேட்டார். ஐயா கண்ணை மூடினார்.

"ஊசி தெரியுது. ஊசியால பிழைக்கிற ஒருத்தி. உங்க சுவத்துக்கு அந்தப் பக்கம்."

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது தையற்காரி. தனியாக வாழ்பவர், வாய் கொஞ்சம் நீளம். வரிசையில் போகிறவர்களைப் பார்த்து, அக்கா, கல்லு வேணும்னா ஆத்தங்கரைக்குப் போங்க, அங்கே சும்மாவே கிடைக்குது என்று மெஷினை நிறுத்தாமலே சொல்வார். ஐயாவின் ஞானக்கண்ணில் அவர் தெரிந்ததற்கு அது காரணமாக இருக்காது என்று நம்புவோம்.

மனைவி காதிலிருந்த தோடுகளைக் கழற்றித் தட்டில் வைத்தார். அன்று மாலையே தையற்காரியுடன் பேச்சை நிறுத்தினார். இத்தனை நாள் ஒருவர் வீட்டுச் சர்க்கரை டப்பா இன்னொருவர் வீட்டில் இருந்த சிநேகம் அது. மறுநாளிலிருந்து தெருவே வந்து, தைக்கக் கொடுத்த துணிகளைத் திரும்பக் கேட்டது. பாதி தைத்ததையும் விடவில்லை. ஒரு அம்மாள் கை வைக்காத ரவிக்கையோடு போனார். செய்வினை வைத்த கையால் கை வைக்க வேண்டாமாம். வீட்டுச் சொந்தக்காரர் வந்து, வேறு இடம் பார்த்துக்கொண்டால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிளம்பர் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். தையல் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. தம்முடைய ஒயருக்கு இன்னொருத்தி வாடகை கொடுக்கிறாள் என்பது அவருக்கு நன்றாகவே புரிந்தது. எழுந்து போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் தூக்கிப் போட்டது. சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. வயிறு கல்லாக இறுகிவிட்டது. மனைவியோ, இரண்டாவது முறை உறிஞ்சுவதற்கு முன்பதிவு செய்ய மரச்சாமான் கடைக்குப் போயிருந்தார்.

முனகல் சத்தம் கேட்டு உள்ளே வந்தது தையற்காரிதான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வெளியே போய் ஒரு ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, செய்வினை வச்சவளே வந்திருக்கேன். எந்திரிச்சு ஆட்டோவுல ஏறுங்க."

ஆஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவு டாக்டர் பெண்ணாகத்தான் இருந்தார். பிளம்பர் முதலில், தெரியாமல் ஒயர் மேல் உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். டாக்டரம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு எக்ஸ்ரே வந்தது. வெளிச்சப் பலகையில் அதை மாட்டினார். மூத்திரப்பைக்குள் ஒயர் சுருண்டு சுருண்டு, தானே தனக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு, அழகாகக் கிடந்தது. கல்லுக்கான அடையாளம் எங்குமே இல்லை.

பிளம்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன்னு கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்," என்றார் டாக்டரம்மா. "என்ன ஒயர், உள்ள கம்பி இருக்கா, முனை கூரா இருக்கா, எவ்வளவு நீளம், எப்பப் போச்சு, இதை மட்டும் உண்மையா சொல்லுங்க. தெரிஞ்சா உங்களைக் கிழிக்காம எடுத்துடலாம்."

அந்தக் குரலில் கேலி இல்லை. கோபமும் இல்லை. தாம் வாடிக்கையாளரிடம், கடைசியாகத் தொட்டிக்குள் என்ன போட்டீர்கள் என்று கேட்கிற மாதிரியே இருந்தது. பிளம்பர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஒயரின் ரகம், உறையின் கனம் வரைக்கும் சொன்னார். பொருள் விஷயத்தில் அவர் என்றைக்கும் பொய் சொன்னதில்லை.

உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று செய்தீர்களா, மனசில் வேதனை ஏதாவது இருக்கிறதா என்றும் டாக்டரம்மா கேட்டார். அப்படியெல்லாம் இல்லை, அடைப்பு எடுக்கத்தான் என்றார் இவர். இந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்பதுதான் வழக்கம் என்று அவர் விளக்கினார். அரிப்பு தாங்காமல் செய்தவர்கள், இன்பத்துக்காகச் செய்தவர்கள், போதையில் செய்தவர்கள், என்னதான் ஆகும் பார்ப்போம் என்று செய்தவர்கள் என்று பலரும் அந்த அறைக்கு வந்திருக்கிறார்கள். பேனா ரீஃபில், ஊக்கு, மெழுகுவத்தி என்று என்னென்னவோ எடுத்திருக்கிறார்கள். உள்ளே போன பொருளை விட, வெட்கத்தில் அவர்கள் தள்ளிப்போட்ட நாட்கள்தான் அதிகம் கெடுதல் செய்திருக்கின்றன. சீழ் பிடிக்கும், ரத்தத்தில் விஷம் ஏறும், சிறுநீரகமே போகலாம். நாமே இழுத்து எடுக்கப் பார்ப்பது அதைவிட ஆபத்து.

முதலில் கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். அடிவயிற்றில் சின்னதாக ஒரு குழாய் வைத்துத் தேங்கியிருந்ததை வடித்தார்கள். மயக்க ஊசி போட்டு, வந்த வழியாகவே கேமரா வைத்த மெல்லிய கருவியை விட்டு, முடிச்சைப் பார்த்து நறுக்கி, துண்டு துண்டாக ஒயரை வெளியே எடுத்தார்கள். வயிற்றைக் கிழிக்க வேண்டிய தேவை வரவில்லை. அடைப்புக்கு உண்மையான காரணம் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்ததுதான் என்பதும் அப்போதே தெரிந்தது. அதற்கு இருந்தது மாத்திரை. இத்தனை பாட்டுக்கும் பதிலாக, தண்ணீரோடு விழுங்குகிற சாதாரண மாத்திரை.

குணமாகி எழுந்தவர், ஒயர்த் துண்டுகளை ஒரு சின்ன பாட்டிலில் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றும் கெஞ்சினார். அது உங்கள் விஷயம், நாங்கள் சொல்ல மாட்டோம் என்றார் டாக்டரம்மா. ஆனால் மனைவியிடம் நீங்களே சொன்னால் மனசு லேசாகும் என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

இதற்குள் புனலய்யா சும்மா இருப்பாரா? பெரும் பங்கைத் தாம் எடுத்துவிட்டதாகவும், மிச்சமிருந்த தூசியைத்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் துடைத்தார்கள் என்றும் செய்தி பரப்பினார். தையற்காரி ஆட்டோ பிடித்ததுகூடக் குற்றம் உறுத்தித்தானாம். பிளம்பர் நடமாட ஆரம்பித்ததும் ஒரு பெரிய கூட்டத்துக்கு ஏற்பாடானது. ஐயா காப்பாற்றிய உயிரை எல்லோரும் கண்ணாரக் காணலாம். செய்வினை வைத்தவளும் சபைக்கு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, தெருவை விட்டுப் போக வேண்டும்.

மரச்சாமான் கடையில் அன்று எள் விழ இடமில்லை. பிளம்பர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு மேடையேறினார். மனைவி முன்வரிசையில், தோடில்லாத காதோடு, பெருமை தாங்காமல் உட்கார்ந்திருந்தார். தையற்காரி கதவோரம் நின்றார். அவரைச் சுற்றி மட்டும் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

ஐயாவின் மகிமையைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி பிளம்பரைக் கேட்டுக்கொண்டார்கள். அவர் தையற்காரியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். கை சட்டைப் பையில் இருந்த பாட்டிலைத் தடவியது. அதை வெளியே எடுக்காமல் வீட்டுக்குப் போய்விடலாம். ஆயுள் முழுவதும் மரியாதையாக வாழலாம். ஆனாலும் எடுத்துவிட்டார்.

"இதுதான் எனக்குள்ள இருந்தது. ஒயர். யாரும் வைக்கல. அடைப்பு எடுக்கிறேன்னு நானே விட்டேன், கை நழுவிப் போயிடுச்சு. வெட்கத்துல வாயைத் திறக்கல. டாக்டரம்மாதான் எடுத்தாங்க. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

முன்வரிசையில் ஒரு பெரியவர் மெதுவாக எழுந்தார். மிகுந்த அக்கறையோடு, "எந்த வழியா விட்டீங்க?" என்று கேட்டார்.

பிளம்பர் விரலால் காட்டினார்.

பெரியவர் ஐயோ என்று தம்முடையதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். யாரோ ஒருவர் அடக்கி வைத்திருந்த சிரிப்பு மூக்கு வழியாகப் பீறிட்டது. அது பக்கத்தில் தொற்றி, வரிசை வரிசையாகத் தாவி, கூடமே குலுங்கியது. செய்வினை என்று இத்தனை நாள் நடுங்கிய விஷயத்துக்கு இலக்கணத்தில் தன்வினை என்று பெயர். சிரித்துச் சிரித்து ஒருவர் ஊன்றுகோலைக் கீழே போட்டார். பிளம்பருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நீண்ட நாளைக்குப் பிறகு வயிறு வலிக்காமல் சிரித்தார்.

ஆனால் புனலய்யா லேசுப்பட்டவரா? கையை உயர்த்தினார். சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் வாயைத் திறக்காமல் முணுமுணுத்தார்.

"ஒயரை உள்ள விட்டது உன் கை. உன் கையைப் பிடிச்சு விட வச்சது அவ. அதுக்குப் பேருதான் செய்வினை."

கூட்டம் தலையாட்டியது. அதுவும் சரிதான் என்றது ஒரு குரல். தையற்காரியைச் சுற்றியிருந்த காலியிடம் இன்னும் கொஞ்சம் அகலமானது. மானத்தையே கழற்றி வைத்தாயிற்று; இதற்குமேல் கழற்றப் பிளம்பரிடம் எதுவும் இல்லை.

அப்போது அவர் மனைவி எழுந்து மேடைக்கு வந்தார். வீட்டுக்காரருக்கு ஓர் அறை விழப்போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். பிளம்பரும் அதையே நினைத்துக் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டார். மனைவி அவரைத் தாண்டிப் போனார். புனலய்யாவின் முகத்துக்கு நேராக நின்று உற்றுப் பார்த்தார். அந்த மொழுமொழுப் பேச்சு. ஒரு பக்கம் மட்டும் லேசாகப் புடைத்த கன்னம். இதை அவர் தினமும் பிள்ளைகளிடம் பார்க்கிறார். கோலிக்குண்டு, சட்டைப் பொத்தான், கூட்டாளியின் ரப்பர் எல்லாம் அந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கும்.

"வாயில என்ன?" என்றார்.

ஐயா தலையை ஆட்டினார்.

"திற. நாக்கைத் தூக்கு."

இத்தனை நாள் கைகூப்பி ஐயா ஐயா என்று உருகிய அதே அம்மாள்தான். இப்போது வந்தது காப்பகத்துக் குரல். உள்ளங்கையை அவர் தாடைக்குக் கீழே நீட்டினார்.

"துப்பு."

மகான்களும் ஒரு காலத்தில் குழந்தைகளாக இருந்தவர்கள்தானே. தாம் என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் ஐயா துப்பிவிட்டார். மனைவியின் உள்ளங்கையில் ஒரு கறுப்புக் கூழாங்கல் விழுந்தது. "இன்னும் இருக்கு," என்றார் மனைவி. இன்னொரு கல். முடி சுற்றிய இன்னொன்று. கடைசியாக, வளைந்த ஆணி.

வரிசையில் நின்றிருந்தவர்கள் அந்தக் கையை எட்டிப் பார்த்தார்கள். இன்னும் பலகையில் படுக்கவே இல்லை. அதற்குள் அவரவர் நோய் தயாராகி ஐயாவின் கன்னத்தில் முறைக்காகக் காத்திருந்தது. எது யாருடையது என்றுதான் தெரியவில்லை. ஆணி என்னுடையதாக இருக்கும், எனக்குத்தான் குத்துகிற வலி என்றார் ஒருவர். இந்தத் தடவை எழுந்த சிரிப்பில் சுவரில் சாய்த்திருந்த பழைய பீரோ கதவு சரிந்து விழுந்தது.

ஐயா பின்கட்டு வழியாகப் போகப் பார்த்தார். அங்கேயும் வரிசை நின்றது. உள்ளறைப் பெட்டியில் தீவினைகள் உட்கார்ந்திருந்த தங்கமெல்லாம் பத்திரமாக இருந்தது. போலீஸ் வரும்வரை ஐயாவைப் பலகையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு பக்கம் காவல் இருந்தார்கள். வாய் காலியான பிறகு அவர் தெளிவாகப் பேசியதைக் கேட்டுப் பலருக்கும் ஆச்சரியம். என்னை விட்டுவிடுங்கள் என்பதை அவ்வளவு சுத்தமான உச்சரிப்போடு சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலில் நின்று, என்னிடம் சொல்ல என்ன வெட்கம் என்று மட்டும் கேட்டார். பிளம்பர் தலைகுனிந்தார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து இவர் எட்டிப் பார்த்தால், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு சிரிப்பு நின்றது. மனைவி போய்த் தையற்காரி வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே போகாமல் படியிலேயே நின்று மன்னிப்புக் கேட்டார். தையற்காரி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமல், அவரை மேலும் கீழுமாக ஒரு முறை பார்த்தார்.

"அக்கா, இது பெரிய துணி. தைக்க நாளாகும். அப்பப்ப வந்து போங்க."

மனைவி அவ்வப்போது போய் வந்தார். சில வாரங்களில் மெஷின் சத்தம் பழையபடி சுவரைத் தாண்டிக் கேட்டது. கையில்லாத ரவிக்கையோடு போன அம்மாளும் வந்து, கை கேட்டு நின்றார்.

பிளம்பருக்கு ஒயர் அண்ணன் என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் சுருக்கென்றிருந்தது. ஆனால் தெருவில் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் ஒவ்வொருவராக, குழாய் ஒழுகுகிறது என்று சாக்குச் சொல்லி அவரைத் தனியாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒழுகவில்லை என்பதுதான் அவர்கள் பிரச்சினை என்று பிறகு தெரியவரும். அவர் ஒன்றும் கேட்காமல் டாக்டரம்மாவின் அறைக்கு வழி சொல்லி அனுப்பினார்.

இத்தோடு ஊர் திருந்திவிட்டது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. போன வாரம் பஸ் நிறுத்தத்தில் இருவர் பேசிக்கொண்டார்கள். இந்த ஆள் போலிதானாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்கிறாராம், அவர் காது வழியாக ஊதியே எடுக்கிறாராம், அவர்தான் அசலாம். இருவரும் அந்தப் பஸ்ஸுக்குத்தான் நின்றார்கள்.

போகட்டும். போகிறவர்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். எந்தப் புனலாலும் எந்த மகானாலும் மண்டைக்குள் இருக்கும் மூளையை உறிஞ்சி எடுக்க முடியாது. வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் நாமே கழற்றி வைத்துவிட்டுப் போனால்தான் உண்டு.